வேறு வழி இல்லாதபோது

பிப்ரவரி 10

பணிமனைச் சங்கு ஊதுவதற்குள் குளித்துவிடலாம் என்று போனால் குளியலறைக்குள் ஜெசி இருந்தாள். வாளியில் போர்வை ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் சிவப்பாக இருந்தது. "இன்னைக்கு லீவு போட்டுடேன்" என்றேன். "மாசத் தொடக்கம் முடியட்டும்ங்க, கடையில கூட்டம்" என்றாள். பத்தாம் தேதியாகிவிட்டதே என்று நான் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

பதினோரு மணிக்கு அவள் வேலை பார்க்கும் பண்டகசாலையிலிருந்து போன் வந்தது. பில் போடுகிற இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். போர்மேனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். உடம்பில் ரத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் திட்டினார்கள். இரண்டு யூனிட் ஏற்றியிருக்கிறார்கள். கால்மாட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முகத்தில் லேசாக நிறம் திரும்பியிருக்கிறது. சேசுவுக்கே புகழ்.

பிப்ரவரி 13

டாக்டர் ஷகீலா கர்ப்பப்பையின் உள்சுவரைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். மணப்பாறையிலிருந்து ஜெசியின் அக்கா பிலோமினா வந்துவிட்டார். வந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையைத் தலைகீழாக மாற்றிவிட்டார். உப்பு எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது.

"எத்தனை மாசமா இப்படிப் போகுது தம்பி?" என்று பிலோ அக்கா கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "தீபாவளிக்கு முன்னாடி இருந்து" என்று ஜெசியே படுக்கையில் கிடந்தபடி சொன்னாள்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. மருந்து அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 22

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் ஷகீலா எங்கள் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். "உள்சுவர்ல புத்துநோய் இருக்கும்மா. ஆரம்பக் கட்டம். பயப்படாதீங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டா நல்லா இருப்பீங்க. தள்ளிப்போடக் கூடாது."

"எப்ப எடுக்கலாம் டாக்டர்?" என்று ஜெசி கேட்டாள். உடனே கேட்டாள். நான் இன்னும் முதல் வாக்கியத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு சீக்கிரம் அவள் கேட்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதிர்ச்சியில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

"எங்களுக்குக் குழந்தை இல்ல டாக்டர்" என்றேன் நான்.

"தெரியும் சார். கேஸ் ஷீட்ல பார்த்தேன்" என்றார்.

கேஸ் ஷீட்டில் மூன்று என்று இருக்கும். முதல் இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டன. மூன்றாவது ஏழாம் மாதம். பெண். கோயில் கல்லறைத் தோட்டத்தில் சுவரோரம் வைத்தோம். அது ஆகி நான்கு வருடம். ஜெசிக்கு இப்போது முப்பத்தைந்துதான். எனக்கு முப்பத்தொன்பது.

வண்டியில் வரும்போது பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். 

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்கு இல்லத்துக்குப் போனேன். ஃபாதர் இன்னாசி சந்தைக்குப் போகக் கையில் பையோடு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஃபாதர், கர்ப்பப்பையை எடுத்தா இனி பிள்ளைக்கு வழியே இல்ல. திருச்சபை இதை ஒத்துக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். "பெனிட்டோ, நீ ஏழு வருஷமா திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்குற. உனக்குத் தெரியாதா? பிள்ளை வேணாம்னு ஆபரேஷன் பண்ணிக்கிறது வேற. நோய் வந்த உறுப்பை உயிரைக் காப்பாத்த எடுக்கிறது வேற. பிள்ளை இல்லாமப் போறது அதோட சேர்ந்து வர்ற துக்கம். அதை யாரும் விரும்பிச் செய்யல. வேற வழி இல்லாதப்ப இதைச் செய்றதுல பாவம் எதுவும் இல்ல."

"வேற வழி இல்லாதப்ப" என்று நான் திருப்பிச் சொன்னேன்.

"ஆமா. நீ ஜெசிந்தாவைக் கவனிச்சுக்க. அவளை என்னைப் பார்க்கச் சொல்லு."

ஃபாதர் அவசரத்தில் இருந்தார். இன்னும் விரிவாகக் கேட்டிருக்கலாம். வேறு வழி இருக்கிறதா இல்லையா என்று முதலில் பார்ப்பதுதான் முறை. அதைப் பார்க்காமல் ஒப்புக்கொள்வது விசுவாசக் குறைவு.

மார்ச் 1

இந்த மாத வகுப்பு. பதினான்கு ஜோடிகள். எப்போதும் மனைவியின் பக்கத்தை ஜெசி பேசுவாள். இன்று வரவில்லை. அவள் பகுதியையும் நானே எடுத்தேன். தாம்பத்தியம் புதிய உயிருக்குத் திறந்திருக்க வேண்டும், பிள்ளைக்குத் தடை போடக் கூடாது என்பதைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். முடிந்ததும் ஒரு பெண் வந்து, "போன தடவை எங்க அக்காவுக்கு வகுப்பு எடுத்த மேடம் வரலையா சார்?" என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன்.

மார்ச் 3

டாக்டர் ஷகீலாவிடம் நேராகவே கேட்டேன். "வேற வழி ஏதாவது இருக்கா டாக்டர்?"

அவருக்குப் பிடிக்கவில்லை. பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். "இருக்குன்னு சொன்னா உங்களுக்கு அது மட்டும்தான் காதுல விழும். குழந்தை இல்லாத சின்ன வயசுக்காரங்களுக்கு, ரொம்ப ஆரம்பத்துல, ஹார்மோன் மாத்திரை கொடுத்து மூணு மாசம் பார்க்குறது உண்டு. சிலருக்குக் கேக்கும். சிலருக்கு உள்ள பரவிடும். இவங்களுக்கு இவ்வளவு ரத்தப்போக்கு இருக்கு. நானா இருந்தா எடுத்துடுவேன்."

"சிலருக்குக் கேக்கும்ல?"

"கேக்கும்."

டாக்டர் ஜெசியைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? உங்க உடம்பு."

ஜெசி புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இவங்க சொல்றபடி செய்யலாம் டாக்டர்" என்றாள்.

அவளுக்கும் ஆசை இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை. நான் அவளுக்காகவும்தான் கேட்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

மாத்திரை தொடங்கியாயிற்று. பிலோ அக்கா ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் பேசவில்லை.

மார்ச் 19

சூசையப்பர் திருநாள். மாத்திரையால் ஜெசிக்குப் பசி அதிகம். முகம் உப்பியிருக்கிறது. ரத்தப்போக்கு நின்றிருக்கிறது! டாக்டரிடம் போனில் சொன்னேன். "நல்லது, ஆனா அதை வச்சு முடிவு பண்ணாதீங்க" என்றார். டாக்டர்கள் எப்போதும் ஒரு காலைப் பின்னால் வைத்துத்தான் பேசுவார்கள்.

மார்ச் 29

வேளாங்கண்ணிக்குப் போய்த் தொட்டில் கட்டிவிட்டு வரலாம் என்றேன். "அவ்வளவு தூரம் என்னால உக்கார முடியாதுங்க" என்றாள். சரி, நான் மட்டும் போகிறேன் என்றேன். போய்விட்டும் வந்தேன். பழைய கோயில் பக்கம் மஞ்சள் கயிற்றில் மரத்தொட்டில் ஒன்று கட்டினேன். ஏற்கெனவே ஆயிரம் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

எண்ணெயும் அல்வாவும் கொண்டுவந்து கொடுத்தேன். எண்ணெயை வாங்கி மாதா படத்தின் பக்கத்தில் வைத்தாள். "எங்க கட்டுனீங்க?" என்று கேட்பாள் என நினைத்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள்.

ஏப்ரல் 6

பரணைச் சுத்தம் செய்ய ஏறினேன். குழந்தைக்கென்று பிலோ அக்கா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர், சின்னப் போர்வை எல்லாம் வைத்திருந்த பெட்டி காலியாக இருந்தது. ஜெசியிடம் கேட்டேன். அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். எப்போது என்றால் போன வருடமே என்கிறாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"பூச்சி அரிச்சுடும்னு கொடுத்தேங்க."

நல்ல காரியம்தான். புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முழுவதும் முழந்தாளில் இருந்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், கேட்கவில்லை. சிலுவையை முத்தமிட வரிசையில் போனபோது எனக்கு முன்னால் நின்றவள் குனிந்து வெகுநேரம் எழவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அந்தோணியார்தான் மெதுவாக, "வாம்மா" என்று எழுப்பிவிட்டார்.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று வீட்டில் கேட்டேன். "மன்னிப்பு" என்றாள்.

எதற்கு? அவள் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள்.

மே 4

கொல்லைப்புறக் கொடியில், மற்றத் துணிகளுக்குப் பின்னால் பழைய வேட்டித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. கறை முழுதாகப் போகவில்லை. பழைய கறையாகவும் இருக்கலாம். கேட்கவில்லை.

மே 11

மறுபடியும் மோட்டார் ரிப்பேர். ஜெசியைக் குடம் தூக்க விடவில்லை, நானே தூக்கினேன்.

மே 25

ஜெசியின் உதடு வெளுத்திருக்கிறது. வெயில் காலம். இரண்டு நாள் மோரும் மாதுளையும் வாங்கிக் கொடுத்தேன். பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது.

ஜூன் 9

மாத்திரை கேட்கவில்லை. ஸ்கேனில், சுவருக்குள்ளே இறங்கியிருப்பது போலத் தெரிகிறதாம்.

"நடுவுல ரத்தம் போச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஜெசி தலையை மட்டும் ஆட்டினாள். "எப்ப இருந்து?" ஜெசி விரலைப் பார்த்தபடி, "ஈஸ்டருக்கு முன்னாடி இருந்து கொஞ்சம் கொஞ்சமா" என்றாள்.

"ஏம்மா சொல்லல?"

 டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பார்க்கலையா சார்?"

நான் பணிமனை வேலையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

பதினேழாம் தேதி ஆபரேஷன். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுக்க வேண்டும்.

பிலோ அக்காவுக்குப் போன் செய்தேன். மாலையே பஸ் ஏறி வந்துவிட்டார். சமையலறையில் ஜெசி காதில் விழாதபடி என்னைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசம் எதுக்கு தம்பி?"

"டாக்டர்தான் அக்கா மாத்திரை சொன்னாங்க."

"டாக்டர் சொல்லல. நீங்க கேட்டீங்க."

"கோயில் சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல அக்கா."

"எந்தச் சட்டம்? ஃபாதர் வேணாம்னாரா?"

பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

ஜூன் 16

இன்று மதியம் ஆஸ்பத்திரிக்கு ஃபாதர் இன்னாசி வந்தார். ஆபரேஷனுக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நோயில் பூசுதல் கொடுக்க. பிலோ அக்காவும் நானும் வராந்தாவில் நின்றோம். கால் மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தேன். வெகுநேரமாயிற்று. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஜெசிதான் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் நான்கு மாதமாக அவள் அவ்வளவு பேசி நான் பார்க்கவில்லை.

பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டு ஃபாதர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். போகும்போது என் கையைப் பிடித்து, "அவ உன்கிட்ட ஏதோ சொல்லணும்னு இருக்கா. குறுக்க பேசாமக் கேளு" என்று மட்டும் சொன்னார்.

பிலோ அக்கா காப்பி வாங்கப் போனார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு டாக்டர் கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொன்னாங்கள்ல. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சுங்க."

ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டாவது போனதுக்கு அப்புறம் நாள் தள்ளுனாலே எனக்குச் சந்தோஷம் வரல. பயம்தான் வந்துச்சு. பாப்பாவை அந்தத் துணியில சுத்திக் கொடுத்தாங்களே, அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் வேண்டிக்குவேன், இந்த மாசமும் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு. நீங்க பக்கத்துல முழந்தாளிட்டு, இந்த மாசமாவது இருக்கணும்னு வேண்டுவீங்க. நான் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டுவேன்."

"ஜெசி..."

"இருங்க. வகுப்புல நாமதானே சொல்லுவோம், பிள்ளை வேணாம்ங்கிற எண்ணத்தோட ஆபரேஷன் பண்ணா அது பாவம்னு. நோய்க்காகன்னா பாவமில்லன்னு. டாக்டர் சொன்னப்ப எனக்கு நோய் முதல்ல ஞாபகம் வரல. இனிமே பயப்பட வேணாம்ங்கிறதுதான் வந்துச்சு. அப்ப நான் எதுக்காக எடுக்கப் போறேன்? நீங்க மாத்திரைன்னு கேட்டப்ப, சரி, சாமி எனக்குக் கொடுத்த தண்டனை இதுன்னு நினைச்சேன். ரத்தம் மறுபடி வந்தப்பவும் அதனாலதான் சொல்லல. சொன்னா உடனே எடுத்துடுவாங்க. நான் நினைச்சது நடந்துடும். ஆசைப்பட்டதுக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிடும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். 

"ஃபாதர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'நாளைக்கு எதுக்காகம்மா போற?'ன்னு கேட்டாரு. உயிரோட இருக்கணும்னுதான் ஃபாதர்னு சொன்னேன். 'அதுதான் உன் எண்ணம். மத்ததெல்லாம் களைப்பு. களைப்பு பாவமில்ல'ன்னாரு." போர்வை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாலு மாசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்."

ஃபாதர் பிப்ரவரியிலேயே அவளை வரச் சொல்லியிருந்தார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்க எதுக்கு மாத்திரை கேட்டீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

திருச்சபை, விசுவாசம் என்று தொடங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"எனக்கு ஒரு பிள்ளை வேணும்னு இருந்துச்சு ஜெசி."

"தெரியும்" என்றாள்.

பிலோ அக்கா காப்பியோடு வந்தார். ஜெசி எதுவும் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் நாங்கள் இருவர் மட்டும் வராந்தாவில் போய்க் குடித்தோம்.

ஜூன் 17

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மதியம்தான் கதவு திறந்தது. "ஜெசிந்தா அட்டெண்டர் யாரு?" என்றார்கள். போனேன். டாக்டர் ஷகீலா முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "நல்லா முடிஞ்சது. முழிச்சுட்டாங்க" என்றார். கண்ணை மூடி ஒரு அருள் நிறை மந்திரம் சொன்னேன். திறந்தபோது ஒரு நர்ஸ் எஃகுத் தட்டோடு நின்றார்.

"பார்த்துக்குங்க சார். எடுத்ததை வீட்டுக்காரங்ககிட்ட காட்டணும்."

பார்த்தேன். எங்கள் வீட்டில் ஜெபமாலை வைக்கிற கிண்ணம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, மூடி, பெயர் எழுதி ஒட்டி, கறுப்புப் பையில் வைத்து என்னிடமே கொடுத்தார்கள். பரிசோதனை செய்யும் லேப் தில்லை நகரில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.

ஆட்டோவில் போனேன். முதலில் காலடியில் வைத்தேன். பாலத்தின் மேல் வண்டி குதித்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "என்ன சார், மீனா? ஏதாவது சிந்திடப் போகுது" என்றார். மருந்து நெடி அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். "சிந்தாதுங்க" என்றேன்.

என் மூன்று பிள்ளைகளும் இதற்குள்தான் இருந்தார்கள். பெண்ணை நான் கையில் வாங்கியிருக்கிறேன். மற்ற இருவரையும் நான் தொட்டதில்லை. பை என் மடியில் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலால் இருக்கலாம்.

எவ்வளவோ ஜெபம் தெரியும் எனக்கு. அந்த வழி முழுக்க ஒன்றும் வரவில்லை. லேப் வாசலில் இறங்குவதற்கு முன் பையின் மேல் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டேன். அது சரியா தவறா என்று ஃபாதரிடம் கேட்கப் போவதில்லை.

கவுண்டரில் ஒரு பெண் அதை வாங்கி, இன்னும் நான்கு டப்பாக்கள் இருந்த தட்டில் வைத்தாள். "ஒரு வாரம், பத்து நாள் ஆகும் சார்" என்றாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "அவ்வளவுதான் சார், போகலாம்" என்று மறுபடியும் சொன்னாள்.

ஜூன் 20

ஜெசி இன்று கஞ்சி குடித்தாள். நாலு எட்டு நடந்தாள். தையல் இழுக்கிறது என்றாள்.

பிலோ அக்கா குளிக்கப் போயிருந்தபோது, "காட்டுனாங்களா?" என்று கேட்டாள்.

"காட்டுனாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"சின்னதா இருந்துச்சு ஜெசி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "அவ்வளவு சின்னதுக்குள்ளயா பாப்பா ஏழு மாசம் இருந்தா?" என்றாள்.

ஜூன் 30

ரிசல்ட். சுவரில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. வேறெங்கும் பரவவில்லை. கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், ஐந்து வாரம். அதற்குப் பிறகும் சில வருடங்களுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்ச்சிலேயே எடுத்திருந்தால் கதிர்வீச்சு வேண்டியிருக்குமா என்று கேட்கத்தான் போனேன். டாக்டர் ஷகீலாவும் நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தது போல உட்கார்ந்திருந்தார். "சாப்பாட்டுல ஏதாவது பத்தியம் உண்டா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 5

ஃபாதரிடம் வகுப்பு எடுக்க இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "ஜெசிந்தா சுகமாகட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். "அதுக்காக இல்ல ஃபாதர். அங்க நின்னு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றேன். "இப்பதான் நீ சொல்ல லாயக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்வது எளிது.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். அதில் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலை 24

கதிர்வீச்சு மூன்றாவது வாரம். காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு நானே கூட்டிப் போகிறேன். காத்திருக்கிற இடத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டுவிட்டார்கள். துறையூர்க்காரப் பெண் ஒருத்தி ஜெசிக்கு எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தாள். ஜெசிக்கு வயிற்றைப் புரட்டுகிறது, ஆனால் ஊறுகாயை நக்கிச் சாப்பிட்டாள்.

உடம்பெல்லாம் திடீரென்று அனலாக எரிகிறது என்கிறாள். சினைப்பையை எடுத்ததால் அப்படித்தான் இருக்குமாம். ஐம்பது வயதுப் பெண்களுக்கு வருவது இவளுக்கு முப்பத்தைந்தில். விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கை வலிக்கும், விடுங்க" என்றாள். வலித்தது, விடவில்லை.

ஆகஸ்ட் 9

கதிர்வீச்சு முடிந்தது. வரும் வழியில் பூ வாங்கித் தரச் சொன்னாள். முல்லை. வீட்டுக்கு வந்ததும் பிலோ அக்காவுக்குப் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிம்மதியாக இருக்கிறாள். பிலோ அக்காவும் அதையேதான் சொன்னார். "இப்பதான் அவ பழைய ஜெசி மாதிரி பேசுறா தம்பி." என்னிடமும் இப்போது நன்றாகப் பேசுகிறார்.

எனக்குத்தான் அந்த நிம்மதி வரவில்லை. அவளிடம் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறேன். அவளுடைய நான்கு வருடப் பயம் போயிருக்கிறது. என் ஆசையை இனி அவள் பார்க்கும்படி வைக்கக் கூடாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பல மாதங்களுக்குப் பிறகு ஜெசி இன்று கோயிலுக்கு வந்தாள். எட்டு மணிப் பூசை. வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது, வேறு ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் வந்து விசாரித்தார்கள்.

பூசை முடிந்ததும் ஞானஸ்நானம் என்று அறிவித்தார்கள். மூன்று குழந்தைகள். கூட்டம் கலைந்தது. நானும் எழுந்தேன். பழக்கம்தான். பெண் குழந்தை போனதிலிருந்து நாங்கள் ஞானஸ்நானத்துக்கு இருந்ததில்லை. கையைக் கொடுத்து, "வா, போலாம்" என்றேன்.

"இருங்க. பார்த்துட்டுப் போலாம்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஃபாதர் முதல் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். அது அழவில்லை, விழித்துப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது பையன் வீரிட்டு அழுதான். மூன்றாவது ரொம்பச் சின்னது, பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. குழந்தையை ஏந்தியிருந்த ஞானத்தாய்க்குத் தலையைப் பிடிக்கத் தெரியவில்லை. அம்மாக்காரி கையை நீட்டி, "கழுத்துக்குக் கீழ பிடி, கழுத்துக்குக் கீழ" என்று சொல்லிக்கொடுத்தாள்.

என் பக்கத்தில் ஜெசியின் கை மேலே எழுந்தது. விரல்கள் அகன்று, உள்ளங்கை குழிந்து, அந்தத் தலையைத் தாங்குவது போல வெறும் காற்றில் நின்றது. அவளுக்குத் தெரிந்திருக்காது. பிறகு தெரிந்தது. கையைப் பார்த்தாள். மடியில் போட்டு மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

அழத் தொடங்கினாள். எங்கள் மூன்று பிள்ளைகள் போனபோதும் அவள் இப்படி அழவில்லை. ஆபரேஷனுக்கும் அழவில்லை. சத்தம் வந்துவிடக் கூடாது என்று தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். முன்னால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபாதர்கிட்ட தப்பாச் சொல்லிட்டேங்க" என்றாள். சரியாகக் கேட்கவில்லை. குனிந்தேன். "அப்பாடான்னு இருந்துச்சுன்னு சொன்னேன்ல. அது மட்டும் இல்லங்க. எனக்கும் வேணும்னு இருந்துச்சு. உங்களவுக்கு வேணும்னு இருந்துச்சு. பயத்துல எனக்கே தெரியல."

நான் என்ன சொல்வது? அவளுக்கு ஆசை இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை என்று நான்தான் மார்ச்சில் இங்கே எழுதினேன். அதை வைத்துத்தான் மாத்திரை கேட்டேன். சரியாகவே எழுதியிருக்கிறேன் என்று இன்று தெரிந்துகொள்வதில் எனக்கு என்ன ஆறுதல் இருக்கிறது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். அவளுக்கு முன்னால் அழுவது இதுதான் முதல் தடவை.

குடும்பங்கள் பீடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பேசிச் சிரித்தபடி எங்களைக் கடந்து போனார்கள். யாரோ எங்கள் கையிலும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தோணியார் சாவிக்கொத்தோடு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"கதவைச் சாத்தணும் சார்" என்றார். பிறகு, "பரவாயில்ல, இருங்க. பக்கத்துக் கதவைச் சாத்திட்டு வர்றேன்" என்று அந்தப் பக்கம் போனார்.